தம்பி தின்ற மண்

எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இடையே நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்களை இடித்துவிட்டுச் செம்பனை நட ஏற்பாடு நடந்தது. நடுவதற்குமுன் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் அங்கே தோண்டுகிறார் என்று கேள்விப்பட்டு, எங்கள் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு எழுதப் போனேன். கழிவறைகளுக்குப் பின்னால் மூடிக்கிடந்த வாய்க்காலை அந்த அம்மாள் ஓர் ஆள் ஆழத்துக்கு வெட்டி, மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்துச் சல்லடையில் கழுவிக்கொண்டிருந்தார். மிளகாய் விதை, நெத்திலி முள், அடுப்புக் கரி. லயத்து ஆட்கள் என்ன தின்றார்கள், எந்த நோயோடு வாழ்ந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, இதில்தான் இருக்கிறது என்றார். அவர் யாழ்ப்பாணக் குடும்பம். அவருடைய தாத்தா அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி.

தோட்டத்தை விட்டு வந்தபின் நாங்கள் குடியிருந்த ரவாங் வீட்டில் அம்மாவிடம் சொன்னதும் சிரித்தாள்.

"கிராணி வீட்டுப் பொண்ணு நம்ம கக்கூஸ தோண்டுதா? அவுங்க தாத்தா மூக்கப் பொத்திக்கிட்டு லயத்துப் பக்கமே வர மாட்டாரு லா!"

சிரிப்பு சட்டென்று நின்றது. "எந்த வாய்க்காலு?" என்றாள்.

அதே வாய்க்கால்தான். நாலு வயதில் என் தம்பி அதன் கரையில் உட்கார்ந்து சாம்பல் நிறக் களிமண்ணைக் கிள்ளித் தின்பான். அம்மா விடியுமுன் பால் வெட்டப் போய்விடுவாள். திரும்பி வரும்போது அவன் உதட்டில் மண் காய்ந்திருக்கும். அடித்தாள். கையைக் கட்டிப்போட்டாள். ஒருநாள் நாக்கில் மிளகாயைத் தேய்த்தாள். எனக்கு அப்போது ஆறு வயது, அவன் காலைப் பிடித்துக்கொண்டது நான். அந்த வருடமே வெளிறி, முகம் வீங்கி, இறந்துபோனான். 'மண்ணு தின்னு செத்தான்' என்றது லயம். பெற்றவள் கவனிக்கவில்லை என்பதே அதன் பொருள். அம்மா அதை நம்பினாள். இத்தனை வருடம் கழித்தும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வந்தால் வாயைத் திறந்து காட்டச் சொல்லுவாள்.

விரிவுரையாளரிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன். மண்ணைச் சோதிக்க மூன்று வாரம் ஆகும் என்றார். அந்த மூன்று வாரமும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கலும்பாங்கில் ஒரு கோயில் கூட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போனவன், பாதியில் எழுந்து பொதுத் தொலைபேசியைத் தேடினேன். இரண்டு முறை அவர் இல்லை. மூன்றாம் முறை, வரச் சொன்னார்.

அவர் காட்டிய நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன்.

"குடலில இருக்கிற சாட்டைப்புழுவின்ர முட்டை. பாருங்கோ, பீப்பாய் மாதிரி, ரெண்டு முனையிலயும் மூடி. நீங்கள் இருந்த காலத்து அடுக்கில நிறையக் கிடக்கு. இது கூடினால் பிள்ளையளுக்கு ரத்தம் குறையும். ரத்தம் குறைஞ்சால் சிலதுக்கு மண் தின்ன ஆசை வரும்."

"தம்பிக்கும் அப்படித்தானா?"

"ஒரு பிள்ளையைப் பற்றி மண்ணை வைச்சுச் சொல்லேலாது. லயம் முழுக்க இருந்திருக்கு. ஒரு தாய் காவலிருந்து தடுத்திருக்கேலாது, அதை மட்டும் சொல்லுவன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. மோட்டார் சைக்கிளில் ரவாங் வரை வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே வந்தேன்: மண் தின்றதால் அவன் நோயாளியாகவில்லை, நோயால்தான் மண் தின்றான்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காராமலேயே சொல்லி முடித்தேன்.

"அப்ப ஒடம்புக்கு முடியாமத்தான் தின்னானா?"

"ஆமாம்மா. ஒன் தப்பு ஒன்னுமில்ல."

"முடியாத புள்ள நாக்குலயா நான் மொளகா வச்சேன்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"வயித்துப் பூச்சிக்கு மருந்து அப்ப இருந்துச்சா?"

இருந்தது. விரிவுரையாளர் சொல்லியிருந்தார், என் குறிப்பேட்டிலும் எழுதியிருந்தேன்.

"இல்லம்மா."

"போடா. பேப்பர்ல எழுதுறவன் புளுகுறதப் பாரு." கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரெசரு மாசாமாசம் வந்து புள்ளைங்கள வரிசையா நிக்கவச்சு ஊத்துவாரு. நீ கண்ண மூடிக்கிட்டு முழுங்கிருவ. அவன் கசக்கும்னு ஓடி ஒளிஞ்சிக்குவான். தேடிக்கிட்டு நின்னா, வேல வாங்குற மண்டோரு என் பேர வெட்டிருவான், அன்னிக்கிக் கூலி போயிரும். நான் தேடல."

வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

"எங்கடா ஒளிவான்?" உள்ளேயிருந்து கேட்டாள். "ஒனக்குத் தெரியுமா?"

தெரியும். ஒவ்வொரு மாதமும் தெரிந்திருந்தது. சொல்லாதே என்று அவன் என் கையைப் பிடித்துக் கெஞ்சுவான். நான் சொல்லவில்லை.

"வெறகு அடுக்குக்குப் பின்னாலம்மா," என்றேன்.