வசனம் தேடிய மூப்பர்

எங்கள் கொட்டாஞ்சேனைச் சபையின் மூப்பர், மூடிய வேதாகமத்துக்குள் சுட்டுவிரலை வைத்தபடியே நடப்பார், யாரோ கேள்வி கேட்கப்போவதுபோல. களனி ஆறு பெருகி, வத்தளைச் சனம் ஈரத்தோடு வாசலில் நின்ற காலையில், சபை மண்டபத்தைத் திறக்க எல்லோரும் கை தூக்கினோம். அவர் மட்டும் தூக்கவில்லை.

“உதவுறது அவனவன்ர கடமை. சபையின்ர வேலை வசனத்தில உள்ளது மட்டும்தான்.”

மண்டபம் திறந்தது. மூன்றாம் நாள் பார்த்தால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தச் சனம் பாவித்த கக்கூசைத் தும்புத்தடியால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

“இதுக்கு வசனம் இருக்கோ, அங்கிள்?” என்று சீண்டினேன்.

“எனக்கு இருக்கு, தம்பி. சபைக்குத்தான் இன்னும் தேடுறன். கிடைக்காட்டி, மண்டபத்தைத் திறந்து நாங்கள் பிழை செய்துபோட்டம்.”

அவர் கண்கள் நித்திரையின்றிச் சிவந்திருந்தன. கை தூக்கிய நான் மூன்று நாளும் நன்றாகத் தூங்கியிருந்தேன். சுவரில் இன்னொரு தும்புத்தடி சாய்ந்திருந்தது. அதை நான் தொடவில்லை.