அரிசி டிரம்முக்குள் என் ஃபோன்

கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது கண்ணை அங்கே இங்கே திருப்பக் கூடாது. பதம் தப்பினால் கசந்துவிடும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனாலும் கசந்தது. காரணம் என் ஃபோன். மணி அடித்தால் எடுத்தே ஆக வேண்டும் எனக்கு. பசுவந்தனையிலிருந்து தங்கச்சி பேசினால் கேட்கவே வேண்டாம். அவள் வீட்டு ஆடு குட்டி போட்ட கதை முடிவதற்குள் பாகு கறுத்துப்போகும்.

என் மிட்டாயை வாங்கி விற்பவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர்தான். ஒருநாள் ஒரு தட்டுச் சரக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னொரு தடவ கசந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் கைவிட்டால் என் தொழிலே படுத்துவிடும். இனிமேல் பாகு நேரத்தில் ஃபோனைத் தொட மாட்டேன் என்று சபதம் போட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஏட்டி, நீயாவது தொடாம இருக்கதாவது!"

அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டேன்.

சபதத்தை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஒரு தந்திரம் செய்தேன். எங்கள் கோவில்பட்டியில் தீப்பெட்டிக்குப் பஞ்சமா? ஜன்னலில், சாமி படத்தடியில், அலமாரியில் என்று கிடந்த தீப்பெட்டி எல்லாவற்றையும் பொறுக்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். அடுப்பைப் பற்றவைக்க வேண்டுமென்றால் டிரம்மைத் திறந்தாக வேண்டும். தீப்பெட்டியை எடுத்த இடத்தில் ஃபோனை வைத்துவிட வேண்டும். மிட்டாயை வெட்டி முடித்த பிறகுதான் தீப்பெட்டி உள்ளே போகும், ஃபோன் வெளியே வரும். முதலில் அரிசிக்குள்ளிருந்து மணி கேட்கும்போதெல்லாம் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டினேன். போகப்போக, தீப்பெட்டியைத் தொட்டாலே கை தானாக ஃபோனை உள்ளே வைத்தது.

தை மாதத்தில் ஒரு காலை, பாகு நுரைத்து ஏறும் நேரம், டிரம்முக்குள் மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. விடாமல் அடித்தது. வீட்டுக்காரர் பதறினார்.

"ஏட்டி, அண்ணாச்சியா இருந்தா என்ன செய்ய?"

"யாரா இருந்தாலும் இருக்கட்டும். டிரம்முல கைய வச்சீய, கரண்டிதான் பேசும்!"

வாய்தான் அப்படிப் பேசியது. காது டிரம்மிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் வந்து நின்றது. அண்ணாச்சியேதான், முகமெல்லாம் சிவந்து.

"கல்யாண ஆர்டர் தாறேன்னு ஆளு கடையில காத்துக் கெடக்காவ. நானும் கூப்பிடுதேன், கூப்பிடுதேன், ஒரு பதிலும் இல்லியே!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "பாகு இறங்கட்டும் அண்ணாச்சி" என்றேன்.

கடலையைக் கொட்டிக் கிளறினேன், பலகையில் பரப்பி உருட்டினேன், வெட்டினேன். மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். சூடு ஆறாத துண்டு ஒன்றை நீட்டினேன். கோபத்தோடேயே கடித்தார். மென்றார். இன்னொரு துண்டை எடுத்தார்.

நான் டிரம்மைத் திறந்து, ஃபோனில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டேன்.

"ஃபோனு இங்கனயா கெடக்கு?" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, கல்யாணத்துக்கு உங்க சரக்குதான்."

அவர் தலை மறைந்ததும் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு!

இப்போதும் பாகு நேரத்தில் அண்ணாச்சி கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. கடையில் நிற்பவர்களிடம் அவர் சொல்கிறாராம்: "அவிய ஃபோன எடுக்கல. சரக்கு நல்லா இருக்கும், பொறுத்திருந்து வாங்கிட்டுப் போங்க."