பாவம் பார்க்காத படிப்பு

அம்பிகாவுக்கு ஆகாத வார்த்தை ஒன்று உண்டு. 'பாவம்' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கோபம் பொத்துக்கொண்டு வரும். குன்னத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல் நேர மையம் ஒன்றில் அவள் உதவியாளர். காலையில் பிள்ளைகளை வேனிலிருந்து இறக்குவதில் தொடங்கி, முகம் துடைத்து, பாத்ரூம் கூட்டிப் போய், மத்தியானம் சோறு ஊட்டி, நாலு மணிக்குத் திருப்பி வேனில் ஏற்றுகிற வரை உட்கார நேரம் இருக்காது. பஸ்ஸில் பார்க்கிற பெண்கள், "பாவம் அந்தப் புள்ளைங்க, ஒனக்குப் பெரிய புண்ணியம்டி" என்பார்கள். "புண்ணியத்தக் காட்டுனா ரேஷன் கடையில பருப்பு போடுவாங்களாக்கா? சம்பளத்தக் கூட்டித் தரச் சொல்லுங்க" என்பாள் அம்பிகா. கணக்கில் டிகிரி முடித்தவளுக்கு மாதம் எட்டாயிரம். வாய்த்துடுக்கு என்று பேர் வாங்காமல் என்ன செய்வாள்?

முப்பதாவது வயதில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்க வேண்டும். படித்து, இந்தப் படிப்புக்கென்று டெல்லியில் இருக்கிற மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு நம்பரும் வாங்கிவிட்டால், இதே பிள்ளைகளுக்கு உதவியாளராக இல்லாமல் ஆசிரியராகப் போகலாம். ஒப்பந்த வேலைதான், ஆனாலும் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல். ரெண்டு வருஷப் படிப்பு.

கணவன் ஜெயப்பிரகாஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி அவன். ஷிப்ட் முடிந்த கையோடு பெரம்பலூர் போய், சுரேஷ்குமார் என்கிற அட்மிஷன் புரோக்கரைப் பிடித்து, நல்ல சேதியோடுதான் வந்தான்.

"வெளி மாநிலத்துல காலேஜாம். தொண்ணூறாயிரம் ஒரே கட்டு. நீ போகவே வேண்டாம். அட்டெண்டன்ஸ அவங்களே பாத்துக்குவாங்க, பரிட்சைக்கு மட்டும் போனாப் போதும். இங்க சம்பளமும் நிக்காது, அங்க டிகிரியும் வந்துரும்."

"பிராக்டிக்கலு?"

"அதையும் அவங்களே எழுதிக்குவாங்களாம். நம்பர் வரைக்கும் கேரண்டியாம் புள்ள!"

இதில் ஜெயப்பிரகாஷைக் குறை சொல்ல முடியாது. ஊரே அப்படித்தான் படிக்கிறது. அவன் சித்தப்பா மகள் அப்படித்தான் பி.எட். வாங்கினாள், பக்கத்துத் தெருவில் ரெண்டு பேர் வாங்கினார்கள், யார் தலையும் வெடித்துவிடவில்லை. இன்னொரு வழி திருச்சியில் ஒரு காலேஜ். தினமும் போக வேண்டும். ஃபீஸும் பஸ்ஸும் சேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒன்றே கால் லட்சம் ஆகும். அது போக இருக்கிற எட்டாயிரமும் போகும். அம்பிகா ராத்திரி படுத்தபடியே மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். இருபத்துநாலு மாதச் சம்பளத்தைச் சேர்த்தால் திருச்சிக் கணக்கு மூணு லட்சத்துக்கு மேல் எகிறியது. கணக்குப் படித்த பெண்ணுக்கு இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? புரோக்கருக்கு முன்பணம் கொடுக்க வெள்ளிக்கிழமை போவதென்று முடிவாயிற்று.

பணம் மாமனார் இளையபெருமாளிடம் இருந்து வர வேண்டும். அவரிடம் பணமாக இல்லை, சின்ன வெங்காயமாக இருந்தது. போன வருஷம் தாளைச் சுருட்டுகிற கோழிக்கால் நோயில் பாதி வயல் போய், இந்த வருஷம் தேறியதைக் காட்டிலேயே பட்டறை போட்டுக் குவித்து, கீற்று மூடி, விலை ஏறட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். "இந்த வெலைக்கு எடுக்கச் சொல்றியே, வயிறு எரியுது ஆயி" என்றார். ஆனாலும் சம்மதித்தார். வீட்டில் இருந்தபடியே வருகிற டிகிரி என்றதும் அவருக்கும் அது லாபமாகத்தான் பட்டது.

புதன்கிழமை மையத்துக்குத் தென்றல் வந்தாள். நாற்பது வயது, சிறப்பாசிரியர். பதினாலு வருஷமாக ஸ்கூட்டியில் ஊர் ஊராகச் சுற்றி இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். அம்பிகாவுக்கு அவளிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. "அக்கா, நெசமாச் சொல்லுங்க. இந்தப் படிப்பு போட்ட காச எடுக்குமா?"

"பதினாலு வருஷமாச்சு, இன்னும் பர்மனெண்ட் இல்ல. பென்ஷன் இல்ல. மே மாசம் வந்தாத் திரும்பக் கூப்புடுவாங்களான்னு பயமா இருக்கும். ஆனா நம்பர் இருக்கிறவங்க கம்மி. இந்தப் பக்கம் வேலையில்லாம ஒக்காந்திருந்தவங்கள நான் பாத்ததில்ல" என்றாள் தென்றல். ஒளிவு மறைவில்லாத பேச்சு.

அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். அம்பிகா வழக்கம்போல பூவிழியை மடியருகே இழுத்துச் சோறு பிசைந்தாள். பூவிழிக்கு எட்டு வயது. பேச்சு இல்லை, கைவிரல் சொன்னபடி கேட்காது. அம்பிகா என்றால் அவளுக்கு உயிர், அம்பிகாவுக்கும் அப்படித்தான். தென்றல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தாள். காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கியிருந்தாள். பூவிழியின் கைக்குள் அதை வைத்து, மேலே தன் கையை வைத்துச் சோற்றை அள்ளி, வாய்க்கு ரெண்டு விரற்கடை முன்னால் கொண்டுவந்து, சட்டென்று தன் கையை எடுத்துவிட்டாள்.

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. பூவிழி அம்பிகாவைத் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தாள். அம்பிகாவின் கை தானாக நீண்டது.

"சும்மா இருங்க" என்றாள் தென்றல்.

முதல் தடவை சோறு பாவாடையில் விழுந்தது. ரெண்டாவது, மூக்கில். பூவிழி அழுதாள். தென்றல் அசையவில்லை. ஏழாவதோ எட்டாவதோ, ஸ்பூன் கோணலாக வாய்க்குள் போயிற்று. மென்றுகொண்டே அந்தக் குழந்தை தன் கையைத் தானே பார்த்துக்கொண்டது. அம்மாடி, அந்தப் பார்வை!

"எத்தன நாளா நீங்க ஊட்டுறீங்க?"

"ஒரு வருஷமாக்கா."

"ஏன்?"

"பாவம், அதுக்கு..."

சொன்ன வாய் அப்படியே நின்றது. ஊரில் ஒருத்தரையும் அந்த வார்த்தையைச் சொல்ல விடாதவள், ஒரு வருஷமாக ரெண்டு கையாலும் அதையே அந்தக் குழந்தைக்கு ஊட்டியிருக்கிறாள். அம்பிகாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. வெட்கம்தான், வேறென்ன. தென்றல் அவள் தோளைத் தொட்டு, "நானும் முன்னாடி அப்படித்தான் ஊட்டுனேன். காலேஜுல பிராக்டிஸுக்குப் போன மொத வாரம் எங்க மிஸ் என் கையப் பிடிச்சு நிறுத்துனாங்க" என்றாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே அம்பிகா போட்டு உடைத்தாள். "நான் திருச்சிக்கே போறேன்."

ஜெயப்பிரகாஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கிறுக்கா புடிச்சிருக்கு? ரெண்டும் ஒரே சர்டிபிகேட்டு!"

"சர்டிபிகேட்டு ஒண்ணுதாங்க. எப்பக் கைய எடுக்கணும்னு எனக்குத் தெரியலையே! ஒரு வருஷமா ஒரு புள்ளையக் கெடுத்து வச்சிருக்கேன். நம்பர வாங்கிட்டு நாப்பது புள்ளையக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"அதுக்குன்னு ரெண்டு வருஷம் சம்பளத்த வுட்டுட்டு..." என்று இளையபெருமாள் ஆரம்பித்தார்.

"மாமா, நீங்க தெனம் காலையில காட்டுக்குப் போனதும் மொதல்ல என்ன பண்றீங்க?"

"பட்டறையில கைய வுட்டுப் பாப்பேன். உள்ள சூடு ஏறி அழுகுதான்னு."

"பக்கத்துக் காட்டு ராசாங்கத்த ஒங்களுக்காகக் கைய வுட்டுப் பாக்கச் சொல்லிட்டு, நீங்க வூட்டுலயே இருப்பீங்களா?"

"அவன் என் வெங்காயத்த எதுக்குத் தொடணும்?" என்று சீறினார் கிழவர். சீறிவிட்டு, தான் எதற்குப் பதில் சொன்னோம் என்று புரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் விடியற்காலை பட்டறையின் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லவில்லை. விலையைத் திட்டினார், வியாபாரியைத் திட்டினார், மருமகளையும் சேர்த்துத் திட்டினார், பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

ரெண்டு வருஷமும் அஞ்சரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாள். பெரம்பலூர் வரை டவுன் பஸ், பெண்களுக்குக் காசில்லை. அதற்கப்புறம் திருச்சிக்கு டிக்கெட். சிறுவாச்சூர் தாண்டும்போது கோயில் பக்கம் ஒரு கும்பிடு, உடனே நோட்டு. டீச்சிங் பிராக்டிஸில் அவளுடைய பாடத் திட்டத்தை மூன்று தடவை திருப்பிக் கொடுத்தார்கள். ஜெயப்பிரகாஷ் ஓவர் டைம் பார்த்தான், முணுமுணுத்துக்கொண்டே சோறும் வடித்தான். பதிவு நம்பர் வந்த அடுத்த மாதமே குன்னம் வட்டாரத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. சம்பளம் இருபதாயிரத்தைத் தொட்டும் தொடாமலும். பர்மனெண்டா என்றால் இல்லை. அதைக் கேட்கிற எல்லோருக்கும் அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்ததும் அவள் முதலில் கேட்டு வாங்கிய பேர் பூவிழி. பத்து வயது தாண்டிவிட்ட அந்தப் பிள்ளை மையத்திலிருந்து நின்று வீட்டோடு கிடந்தாள். அம்மா லீலாவதி பழையபடி ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்பிகா டியூப் சுற்றிய ஸ்பூனோடு வாரம் ரெண்டு நாள் போனாள்.

நாலாவது மாதம் ஒருநாள், வேலைக்கென்று வாங்கிய அவள் ஸ்கூட்டி பஞ்சர். இளையபெருமாள்தான் டி.வி.எஸ்ஸில் கொண்டுபோய் விட்டார். "மூணு லட்சம். எப்பத் திரும்பும்னு நீயே சொல்லு" என்று வழியெல்லாம் அதே பாட்டு. "மாசா மாசம் திரும்பிக்கிட்டுத்தான் இருக்கு மாமா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அம்பிகா.

பூவிழி தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஸ்பூனைப் பிடித்தாள், அள்ளினாள். பாதி வழியில் கை நடுங்கிற்று. எத்தனை படித்தால் என்ன, அம்பிகாவின் கை பழைய ஞாபகத்தில் ஒரு அங்குலம் முன்னால் போய்விட்டது.

பூவிழி இடது கையால் அதைப் பட்டென்று தள்ளினாள். தள்ளிவிட்டு, நடுங்கிக்கொண்டே, தானே சாப்பிட்டாள்.

வாசலில் நின்ற இளையபெருமாள் பதறிப்போனார். "ஏம்மா, ஒன் மேல அவ்வளவு உசுருன்னு நீ சொன்ன புள்ள! தள்ளி வுடுதே, கோவமா?"

அம்பிகா திரும்பவில்லை. கண் நிறைந்திருந்தது, சிரிப்பும் வந்தது.

"இதுக்குத்தான் மாமா திருச்சி வரைக்கும் போனேன்" என்றாள்.