கறுப்புப் பூசிய முண்டு

மரம் விற்கும் எங்கள் மரக்காலையின் வாசல் படலையடியில் ஒரு பனங்குற்றி நாட்டியிருக்கிறது. என் நெஞ்சளவு உயரம் இருக்கும். மேல்முனை முறிந்து சிலாம்பு சிலாம்பாகக் கிடக்கும். கொடிகாமம் சந்தைக்கு வருகிறவர்கள் கூரைக்கு வளையும் கைமரமும் பார்க்க உள்ளே நுழையும்போது அதில் கை ஊன்றப் போவார்கள். "அதிலை கை வையாதையுங்கோ, ஒயில்!" என்று நான் உள்ளேயிருந்தே சத்தம் வைப்பேன். ஒவ்வொரு வருடமும் என் கணவரின் திவசம் முடிந்த கையோடு, லொறி கராச்சில் கழிவு ஒயில் ஒரு பேணி வாங்கிவந்து அந்தக் குற்றிக்கு நானே பூசுகிறேன். முறிந்த முகத்தில் மட்டும் பூசுவதில்லை. உள்ளே என்ன மரம் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அது ஒரு முண்டு. எங்கள் பக்கத்து மணல் காணிகளில் கிணறு வெட்டுவது உரும்பிராய்ச் செம்பாட்டு மண்ணில் வெட்டுவதைப் போன்றதல்ல. அங்கே கல்லை உடைப்பதுதான் பாடு. இங்கே தோண்டத் தோண்ட மணல் சரிந்து உள்ளே வரும். ஆகவே சதுரமாக வெட்டிக்கொண்டு இறங்குவார்கள். நான்கு பக்கமும் பலகை அடைத்து, அந்தப் பலகைகள் உள்ளே சாயாதபடி ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் பனங்குற்றியைக் குறுக்கே கொடுத்து, முனையில் ஆப்பு வைத்து இறுக்குவார்கள். முண்டு கொடுப்பது என்பது அதுதான். அடியில் ஊற்றைக் கண்டு சீமெந்து வளையங்களை இறக்கும் வரைக்கும் உள்ளே நிற்பவனின் உயிர் அந்தத் தடிகளில்தான் இருக்கும். என் கணவர் முண்டு இறுக்குகிறவர். ஆப்பு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கிறுக்கே உண்டு. எங்கள் வீட்டில் ஆடுகிற மேசையோ கட்டிலோ கிடையாது. எல்லாவற்றின் அடியிலும் அவர் சீவிய ஆப்பு ஒன்று இருக்கும். கலியாணம் முடித்த புதிதில் என் தையல் மெசினுக்கும் ஆப்பு வைத்தார். "இஞ்சாரும், இப்ப ஆட்டிப் பாரும்" என்று சொல்லிவிட்டு, நான் ஆட்டிப் பார்க்கும் வரைக்கும் சாப்பிட உட்காரவில்லை.

சண்டை முடிந்து சனம் ஊருக்குத் திரும்பிய காலம் அது. தூர்ந்த கிணறுகளுக்குப் பதிலாகப் புதுக் கிணறுகள் வெட்டும் வேலையை ஒருவர் எடுத்துச் செய்தார். ஊரில் அவரைக் கொந்தராத்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய பெயரைச் சொல்லி என் வாயை ஊத்தையாக்க எனக்கு விருப்பமில்லை. வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், யாரைக் கண்டாலும் பேச்சுக்கு முதல் ஒரு சிரிப்பு. முண்டுக்கு மரம் கொண்டுவந்து போடுவதும் அவர்தான். முண்டுக்கு முதிர்ந்த பெண்பனைதான் வேண்டும். அதற்குத்தான் மரத்தின் வைரம் கூடுதல். வெட்டினால் கறுத்து மினுங்கும். ஆண்பனை வெளிறிப்போய், உள்ளே சோறாக இருக்கும். அந்த முறை வந்து இறங்கிய தடிகள் எல்லாம் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒயில் பூசியிருந்தன. என் கணவர் ஏன் என்று கேட்டிருக்கிறார். "கறையானுக்குப் பூசினது தம்பி" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். எங்கள் ஊரில் கறையானுக்கு ஒயில் பூசாதவர்கள் யார்? இவரும் நம்பிவிட்டார். அன்று பின்னேரம் கை கழுவும்போது, "சவர்க்காரத்தைத் தாரும், தடியெல்லாம் கையிலை ஒட்டுது" என்றார். அந்த வார்த்தையை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை பெய்து மணல் பாரம் கூடிய ஒரு நாள், என் கணவர் உள்ளே நின்றபோது குழி சரிந்தது. கயிறு பிடித்துக்கொண்டு மேலே நின்ற அவருடைய கூட்டாளியும் மற்றவர்களும் வெறுங்கையால் கிண்டித்தான் அவரை எடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது நான் முகத்துக்கு முதல் கைகளைத்தான் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் கறுப்பு. முறிகிற முண்டை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருக்கிறார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அந்தக் கைகளோடுதான் அவரை அனுப்பினேன். முறிந்த தடியைக் கூட்டாளி கொண்டுவந்து என் முன்னால் போட்டான். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை. ஆண்பனை.

செத்த வீட்டுக்குக் கொந்தராத்துக்காரர் வந்தார். தோளில் துண்டு, கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. நாலு பேர் கேட்கும்படி அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "முண்டெல்லாம் நல்ல முண்டு. தம்பிதான் ஆப்பை வடிவா இறுக்கேல்லை. அவசரப்பட்டிட்டார், பாவம்." மேசைக்கும் கட்டிலுக்கும் ஆப்பு வைத்த மனிதனைப் பற்றி, அந்த மேசையும் கட்டிலும் கிடந்த வீட்டின் முற்றத்தில் நின்று சொன்னார். ஆண்பனைக்கு ஒயில் பூசிப் பெண்பனையாக்கித் தந்தது இவர்தான் என்று நான் முறிந்த தடியைக் காட்டிக் கத்தினேன். மண்ணுக்குள் கிடந்தால் மரம் கறுக்கும்தானே என்றார்கள். எவ்வளவு செய்த மனிசன், அவரைப்போய் இப்படிச் சொல்லலாமா என்றார்கள். ஊரே அவருக்கு முண்டு கொடுத்தது. அந்த முண்டுகள் ஒன்றும் முறியவில்லை. என் கணவர் வேலை தெரியாமல் செத்தவர் என்ற பேச்சு அதற்குப் பிறகு ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் என் காதில் விழுந்தது.

நான் மர வியாபாரத்துக்கு வந்தது வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் என்று யாராவது நினைத்தால் அது பிழை. பெண்பனை தவிர வேறு பனை என் மரக்காலைக்குள் வந்ததில்லை. கிணறு வெட்டுகிறவர்கள் முண்டுத்தடிக்கு என்னிடம்தான் வந்தார்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து அடுக்குவார்கள். கூட்டாளி இப்போது அவர்களுக்குத் தலைவன். போன மாரிக்குச் சற்று முன்னால், கொந்தராத்துக்காரர் தன் மகளுக்குக் கட்டுகிற வீட்டுக் காணியில் கிணறு வெட்ட அவனைக் கூப்பிட்டிருக்கிறார். "அக்காவின்ரை மரமெண்டால்தான் இறங்குவம்" என்று அவன் சொல்லிவிட்டான். ஆகவே அவர் என்னிடமே வரவேண்டியதாயிற்று. வயது போயிருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது.

"நல்ல தடி உன்னட்டைத்தான் எண்டு சனம் கதைக்குது பிள்ளை."

"தாறன்" என்றேன். "முண்டு இறுக்கினாப் பிறகு முதல் ஆளா நீங்கள் இறங்கிப் பாக்கவேணும்."

"அதுக்கென்ன, இறங்கினால் போச்சு" என்றார்.

ஆண்பனையும் ஒயிலும் என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. ஆனால் அவருக்குப் பிறகு அந்தக் குழியில் இறங்கப்போவது கூட்டாளியும் அவனுடைய ஆட்களும். அதைவிட, அவர் மண்ணுக்குள் போனால் எனக்கு என்ன கிடைக்கும்? எனக்கு அவருடைய வாய் தேவைப்பட்டது. இருந்ததில் நல்ல தடிகளாகப் பார்த்து ஏற்றி அனுப்பினேன்.

அன்று காணியில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். செத்த வீட்டில் அவருக்காகப் பேசியவர்களும் அதற்குள் இருந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கி அடியில் நின்றார். "ஏணியைத் தூக்கு" என்றேன். கூட்டாளி தூக்கினான்.

"என்ன பகிடி உது? ஏணியை விடு."

பலகை இடுக்கால் கொஞ்ச மணல் அவர் தோளில் கொட்டியது. சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் இருந்த முண்டை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அடுத்த முண்டையும் மற்றக் கையால் தேய்த்துவிட்டு அந்தக் கையையும் பார்த்தார். கூட்டாளி குனிந்து, "என்ன ஐயா, கையைப் பாக்கிறியள்?" என்றான். யாரும் அசையவில்லை. முண்டைச் சோதிக்கிறவன் அலவாங்குக் கம்பியால் தட்டிப் பார்ப்பான், ஆப்பை அசைத்துப் பார்ப்பான். கையைத் திருப்பிப் பார்க்கிற சோதனை ஒயில் பூசினவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒட்டாது. அது பெண்பனை" என்றேன். "என்ரை மனிசன் பிடிச்சுக்கொண்டு நிண்டது என்ன மரம்?"

இன்னும் கொஞ்சம் மணல் கொட்டியது. "ஆண்பனை" என்றார்.

"ஆப்பு?"

"ஆப்பிலை பிழையில்லை. அவன் சரியாத்தான் இறுக்கினவன். ஏணியை விடு பிள்ளை."

ஏணியை விடச் சொன்னேன். அவர் ஏறி வந்தபோது ஒருவர்கூடக் கை கொடுக்கவில்லை. முன்பு முண்டு கொடுத்தவர்கள் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கணவரின் பெயர் அன்று எனக்குத் திரும்பிக் கிடைத்தது. ஆனால் மனம் ஆறவில்லை. என் நல்ல மரத்தின் புண்ணியத்தில் அந்த மனிதனின் கைகள் இரண்டும் வெள்ளையாகவே மேலே வந்தன. என் கணவரின் கைகள் எப்படி வந்தன என்பதை நான் கண்டவள். நெடுநாள் பகைக்கும் வைரம் என்று ஒரு பெயர் உண்டு. எனக்கு அது பாய்ந்துவிட்டது, இனி இளகாது.

வளையம் இறக்கி முடிந்ததும் முண்டுத்தடிகள் திரும்பி வந்தன. கூட்டாளி வேண்டுமென்றே கொந்தராத்துக்காரரைக் கொண்டே கொடுத்தனுப்பியிருந்தான். அது திவசம் முடிந்த அடுத்த கிழமை. உழவு மெசின் பெட்டியிலிருந்து அவர் மெல்ல இறங்கினார். மூச்சு வாங்கியது. படலையடியில் நின்று குற்றியில் கையை ஊன்றினார். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தம் வைக்கவில்லை.

கையை எடுத்துப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார், வேட்டியும் கறுத்தது. மற்றக் கையால் தேய்த்தார். அந்தக் கையிலும் ஒட்டியது.

"என்ன பிள்ளை இது?" என்றார்.

"கறையானுக்குப் பூசினது" என்றேன்.