மயில்மீனுக்கு வாங்கிய நூல்

எங்கள் வீட்டு அடுப்படியில் மீன் என்ற சொல்லையே சொல்லக் கூடாது. அண்ணன் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவன். அப்பாவும் அங்கேதான் கரண்டி பிடித்தார். நான் மட்டும் தினமும் மின்சார ரயில் ஏறி, சென்னையில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போய்வருகிறேன். பில் போடுகிற வேலைதானே என்று அண்ணன் பொறுத்துக்கொண்டான். சம்பளம் வீட்டுக்கு வந்ததால் இன்னும் நன்றாகப் பொறுத்துக்கொண்டான்.

கல்யாணம் ஆகாமல் நாற்பதைத் தாண்டிய ஒருத்தி அண்ணன் வீட்டில் இருப்பது எப்படி என்பது இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். யாரும் அடிக்க மாட்டார்கள், பட்டினி போட மாட்டார்கள். விருந்தாளி வந்தால் என் படுக்கையைச் சுருட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்து விடுவார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். அந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசை. அதற்கு வழி ஒரு நூலில் வந்தது.

ஆழ்கடலில் பெரிய மீன் பிடிக்கிற ரீல்களுக்குப் பின்னல் நூல் சுற்றுவார்கள். பட்டு மாதிரி மெல்லிசாக இருக்கும், ஓர் ஆளைக் கட்டித் தூக்கினாலும் அறாது. அதன் முனையில் தடித்த நைலான் நரம்பை இணைக்க வேண்டும். மீனின் அலகும் செதிலும் உரசுவது அந்த நரம்பில்தான். முடிச்சுப் போட்டால் நூலின் பலம் பாதி போய்விடும், முடிச்சு தூண்டில் கம்பின் வளையத்திலும் சிக்கும். அதனால் உள்ளே கூடாக இருக்கிற பின்னலை வாங்கி, அந்தக் கூட்டுக்குள் நரம்பை ஒரு கை நீளத்துக்கு நுழைத்துவிடுவார்கள். இழுக்க இழுக்கப் பின்னல் இறுகி நரம்பைக் கவ்விக்கொள்ளும். வாய்ப்பக்கம் மெல்லிய இழையால் இறுக்கிச் சுற்றி ஒரு சொட்டுப் பசை வைத்தால் வேலை முடிந்தது.

இதற்கென்று வந்த ஊசியை வைத்துக்கொண்டு கடைப் பையன்கள் அரைநாள் மல்லுக்கட்டினார்கள். ஒருத்தன் விரலைக் குத்திக்கொண்டான். நான் பில் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தேன். பின்னலைச் சுருக்கித் தள்ளி, ஊசியை முன்னே விட்டு, பிறகு நீவிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"இன்னாமா, எங்க கத்துக்கின?" என்றார் முதலாளி.

"பாவாடைக்கு நாடா கோக்கறது இப்டித்தான் சார்."

அன்றிலிருந்து இணைப்பு வேலை என்னுடையதாயிற்று. நூலைத் தேர்ந்தெடுப்பதும் மெல்ல என் கைக்கு வந்தது. எத்தனை பவுண்டு எடை தாங்கும் என்று டப்பாவில் அச்சடித்த கணக்கைப் பார்த்து முதலாளி வாங்குவார். நான் இரண்டு விரலால் நூலைத் தள்ளிப் பார்ப்பேன். நல்ல பின்னல் பை போல வாய் திறக்கும், விட்டதும் தானே மூடிக்கொள்ளும். மட்டமானது திறந்தால் திறந்தபடியே கிடக்கும், இல்லை என்றால் இழை பிரிந்து நிற்கும். எண்ணெய்க் கத்திரிக்காய்க்குப் பிஞ்சு பொறுக்குகிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு இதெல்லாம் பெரிய வித்தை இல்லை.

படகு வாடகைக்கு விடுகிற ஒருவர் அந்தச் சமயத்தில் கடைக்கு வந்தார். மயில்மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிறவர். முதுகில் தோகை மாதிரி துடுப்பு விரிவதால் அதற்கு அந்தப் பெயர். எங்கள் மலை மேல் இருக்கிறவரின் வாகனத்துக்கும் அதே பெயர் என்பதை நான் அண்ணனிடம் சொன்னதில்லை. ஒரு ரீல் செய்து கொடுங்கள், பிடித்திருந்தால் என் படகுகள் எல்லாவற்றுக்கும் உங்களிடமே என்றார் அவர். அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இது மட்டும் நல்லபடியா வந்துட்சின்னா, மாடில உனக்கு ஒரு மேசை போட்டுத் தரேன். பில் வேலைக்கு வேற ஆள் பாத்துக்கலாம். நீ இங்கியே ஹாஸ்டல் பாத்துக்கினு இருந்துக்க."

ஹாஸ்டலில் என் கட்டில் எனக்கு மட்டும்தான். விருந்தாளி வந்தாலும் யாரும் சுருட்ட மாட்டார்கள்.

பதினாறு இழையில் மஞ்சள் நிறப் பின்னல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அது ஆடிக் கிருத்திகை நேரம். ரயில் முழுக்கக் காவடிக்காரர்கள், கால் வைக்க இடம் கிடையாது. வீட்டிலேயே செய்து கொண்டுவா என்று முதலாளி சொல்லிவிட்டார். கடைச் சாமான் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. நூற்கண்டைக் கூடத்தில் ஒரு மூலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து இணைப்பைப் போட்டேன். நூல் வழக்கத்தைவிட வழுவழுப்பாக இருந்தது. புதுப் பின்னலுக்கு ஒரு மெழுகுப் பூச்சு உண்டு, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் முதலாளி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். படகில் எடுத்த வீடியோ. கம்பு வில்லாக வளைகிறது, ரீல் அலறுகிறது, தூரத்தில் மயில்மீன் ஒருமுறை முழுசாக எழும்பி விழுகிறது. நான் பார்த்த முதல் மயில்மீன் அதுதான், என்ன அழகு! பிறகு கம்பு நிமிர்ந்துவிட்டது. படகில் இருந்தவர்கள் கத்தின கெட்ட வார்த்தைகளை முதலாளி நிறுத்தாமல் ஓடவிட்டார்.

பிறகு ரீலை மேசை மேல் வைத்தார். அறுந்திருந்தால் முனை பஞ்சு போலப் பிசிறி நிற்கும், பழி நூலுக்குப் போகும். இங்கே பின்னலின் வாய் அப்படியே முழுசாக இருந்தது. உள்ளே இருந்த நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறது. அப்படிப் போனால் பழி கட்டினவளுக்கு. நான் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். உப்பு வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. மடப்பள்ளிக்காரன் மகளுக்கு அது தெரியாதா? நல்லெண்ணெய், மஞ்சள்.

"மோந்து பாக்கறியா? அந்தாளு இனிமே நம்ம கடைப் பக்கமே வர மாட்டான்மா" என்றார் முதலாளி. "அந்த ஊசிய அந்தப் பையன் கைல குடு. நீ பில்லு போடு, போதும். மிச்ச நூலையும் நீயே எடுத்துனு போய்த் துணி காயக் கொடி கட்டிக்கோ."

ஊசியைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாரோ மஞ்சள் தடவிவிட்டார்கள் என்று சொன்னால் சிரிப்பார். அரக்கோணம் தாண்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். அதற்கு அப்புறம் கோபம் வந்துவிட்டது, அழுகை நின்றது.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டதும் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை.

"ஆங், நான்தான் தடவினேன். கிருத்திகை அன்னிக்கு மீன் சாமான வீட்ல வெச்சிகினு எப்டிம்மா நான் மடப்பள்ளிக்குள்ள போறது? புதுத்துணிக்கு மூலைல மஞ்ச வெக்கறதில்ல? அந்த மாதிரி தலப்புல கொஞ்சம் தடவி வெச்சேன். தோஷம் போவட்டும்னு."

"எண்ணெய் எதுக்குண்ணா?"

"தண்ணி பட்டா நூலு வீணாப் பூடுமோன்னு எண்ணெய்ல கொழைச்சேன். உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

கடலில் போடுகிற நூல். தண்ணீர் பட்டால் வீணாகிவிடுமாம்! எனக்குச் சிரிப்பதா, தட்டைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. இணைப்பு நிற்பதே அந்தத் தலைப்பில்தான். மற்ற இடத்தில் ஒரு படி எண்ணெய் ஊற்றியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மாடி மேசை போனதையும், ஹாஸ்டல் போனதையும் சொன்னேன். அண்ணி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"போனாப் போவுது, உடு" என்றான் அண்ணன். "இங்க உனக்கு இன்னா கொறச்சல்?"

முதலாளி விட்டெறிந்த நூல் என் பையிலேயே கிடந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். பின்கட்டில் அண்ணனுடைய மடப்பள்ளி வேட்டிகள் காய்வதற்கென்று தனிக் கொடி உண்டு. யார் கையும் படாத உயரத்தில் கட்டியிருக்கும், கோலால்தான் போடுவார்கள், எடுப்பார்கள். பழைய கயிறு இற்றுப்போயிருந்தது. இதைக் கட்டித் தரச் சொன்னாள்.

"அது மீன் நூலுண்ணா" என்றேன், அண்ணனுக்குக் கேட்கும்படி.

"அதான் மஞ்ச தடவி சுத்தம் பண்ணியாச்சே" என்றான் அவன்.

நூலைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தேன். கைக்கு ஊசி கிடைக்கவில்லை, குடைக்கம்பி ஒன்றைத் தீட்டி வைத்துக்கொண்டேன். நூலின் முனையை அதன் கூட்டுக்குள்ளேயே திருப்பி நுழைத்து, இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டுகிற வளையங்கள் போட்டேன். ஆத்திரத்தில் செய்த வேலை, ஆனால் சுத்தமான வேலை.

இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது அந்தக் கொடி. ஈர வேட்டி, துண்டு, எல்லாம் சேர்த்துப் போட்டாலும் ஒரு விரற்கடை தொய்வதில்லை. அண்ணன் தினமும் விடிகாலையில் அதிலிருந்து வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு சாமிக்குச் சமைக்கப் போகிறான். நான் பில் போடப் போகிறேன். போன வாரம் விருந்தாளி வந்தார்கள், என் படுக்கை கூடத்துக்கு வந்தது. தூக்கம் வராமல் பின்கட்டுக்குப் போய், முக்காலி மேல் ஏறி, கொடியின் வளையத்தைப் பிடித்து என் எடை முழுவதையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். உருவிக்கொண்டு வரவில்லை.