அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுதிரி

2013 ஓகஸ்ட் 14, காலை 9.20, மணல் பறக்கும் காற்று. புத்தளத்திலிருந்து தலவில புனித அன்னம்மாள் கோயிலுக்கு என்னை ஏற்றிச்சென்ற ஓட்டோக்காரர் தொப்பி போட்டவர், தாடி நரைத்தவர். வழியில் பதினொரு தடவை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் இருபது ரூபா நீட்டினார். “எண்ட மகளுக்கு இது பேறுகால மாசம். ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுங்க சேர்.”

“நீங்க முஸ்லிமல்லோ?”

“மர்யமை, உங்கட மாதாவைப் பெத்த உம்மாட இடந்தானே சேர்.”

கூலியைக் கூட்டிக் கேட்கத்தான் இந்தக் கதை என்று நினைத்தேன். உள்ளே, முதிரை மரத்தில் கடைந்த பழைய தூண்களை எண்ணினேன். கணக்கு ஒத்துவராததால் மறுபடியும் எண்ணினேன். மெழுகுதிரி மறந்துபோயிற்று.

அதே ஓட்டோவில் திரும்பிப் புத்தளத்தில் இறங்கியபோது, காத்திருந்ததற்கு அவர் காசு வாங்கவில்லை. “மகளுக்குக் கொளுத்தினீங்கதானே, போதும் சேர்.”

தலையை ஆட்டினேன். இருபது ரூபா என் சட்டைப் பையிலேயே இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் போய், அவர் காசிலேயே மெழுகுதிரி ஏற்றினேன். போகவர எனக்கு நூற்றறுபது ரூபா.