இரண்டு தடவை போட்ட கையெழுத்து

காலை ஆறே முக்கால் ரயிலில் கிள்ளானை விட்டேன். மூன்றாம் வகுப்பு, கோலாலம்பூருக்கு ஐம்பது காசு. ஏறக்குறைய இருபது மைல் என்கிறார்கள். கிள்ளானில் மாடு வைத்துப் பால் ஊற்றி முப்பது வருஷம் ஆகிறது. கோலாலம்பூருக்கு இதற்கு முன் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன், இரண்டும் கல்யாணத்துக்கு. இந்தத் தடவை மடியில், கிள்ளான் கடையில் மிச்சமிருந்த ஒரே தபால் அட்டையை வாங்கி வைத்திருந்தேன்.

அட்டையில் நானும் என் மருமகள் செல்லம்மாவும் இருக்கிறோம். நான் பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, குந்திப் பால் கறக்கிறாள். கறக்கிறவள் வேறு எப்படி உட்காருவாள்? ஆனால் அதைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு முடிவெட்டும் கடைச் சுவரில் அவள் அண்ணன் பார்த்துவிட்டான். மறுநாளே வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனான். போய்ப் பதினோரு நாள். என் மகன் கப்பல்துறை வேலைக்குப் போகிறான், வருகிறான், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

படம் எடுத்த நாளையும் சொல்லிவிடுகிறேன். மூன்றுகால் பெட்டியோடு கோலாலம்பூர் படக்காரர் ஒருவர் எங்கள் மாட்டுக்கொட்டிலுக்கு வந்தார். எடுத்து முடித்ததும் இங்கிலீஷில் எழுதிய ஒரு தாளையும் கைநாட்டு மசியையும் நீட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், என் பேரைத் தடங்கலில்லாமல் எழுதுவேன். பேனாவை வாங்கித் தெய்வானை என்று போட்டேன். கீழே இன்னொரு கோடு இருந்தது. "இது அந்தப் பொண்ணுக்கு" என்றார். "அவ என் வீட்டுப் பொண்ணு, என் கையெழுத்தே போதும்" என்று அதிலும் தெய்வானை என்றே போட்டேன். இரண்டாவது தடவை எழுத்து இன்னும் அழகாக வந்தது.

பாடாங் ஜாவா ஸ்டேஷனில் எழுந்து வெளியே பார்த்தேன். பத்து தீகாவிலும் எழுந்தேன். வழியெல்லாம் ரப்பர் மரம், நடுநடுவே செம்மண். எதிரில் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னா அக்கா, ரயில் ஓடலேன்னு நெனப்பா? எறங்கித் தள்றீங்களா?" என்றார்.

"ஒங்க ஆடு என் சேலையத் திங்குது, மொதல்ல அதப் பாருங்க" என்றேன். பார்த்தார். உண்மையாகவே தின்றுகொண்டிருந்தது.

எட்டு மணி தாண்டிக் கோலாலம்பூர். ஸ்டேஷன் வெள்ளை வெளேரென்று கும்மட்டமும் தூணுமாக அரண்மனை மாதிரி இருக்கிறது. நின்று பார்க்க மனமில்லை. படக்கடை இருக்கிற பத்து ரோடு என்ற தெருவுக்கு ரிக்‌ஷா கேட்டேன். இழுக்கிற சீனன் மலாய் பாஷையில் முப்பது காசு என்றான். இருபதுக்கு ஏறினேன்.

படக்கடைக் கண்ணாடிக்குள் எங்கள் அட்டை வரிசையில் நான்காவதாக இருந்தது. படக்காரர் என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"இத எடுங்க தம்பி. இனிமே இது விக்கக் கூடாது."

அவர் உள்ளே போய்ப் பழைய தாளைக் கொண்டுவந்தார். "அம்மா, நான் திருட்டுத்தனமா எடுக்கல. பாசார் கூட்டத்த எடுத்தா யாரையும் கேக்கறதில்ல. மொகம் தெரிய நிக்கறவங்க ஆளுக்கொரு சம்மதம் குடுத்தாத்தான் வெள்ளக்காரக் கம்பெனி அட்டையா அடிக்கும். பாருங்க, ரெண்டு கையெழுத்து இருக்கு."

"ரெண்டும் என்னுது."

"நீங்கதான போட்டீங்க?"

"நான் ரெண்டு தடவ போட்டா ரெண்டு ஆளாயிடுவேனா?"

கடைப்பையன்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியை நான் எனக்கேதான் போட்டுக்கொண்டேன் என்று வாயை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. என் கொட்டிலில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவள் நான். ஆனாலும் சொன்னேன்: "தம்பி, அவளுக்காகப் போட எனக்கு உரிமையில்ல. நான் அவளக் கேக்கவே இல்ல."

அவர் தாளை மடித்தார். "நானும் பாத்துட்டுச் சும்மா இருந்தேன். அதுவும் தப்புதான். ஆனா அவங்க வேணாம்னு சொல்லணும்மா. நீங்க சொன்னா அது மூணாவது கையெழுத்து."

பிரிக்பீல்ட்ஸுக்குப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ரயில்வே வீடுகள் ஒரே அச்சில் நீளமாக நிற்கின்றன. இரண்டு வாசலில் தப்பாக நின்று கேட்டு, மூன்றாவதில் அவள் அண்ணனைக் கண்டேன். அன்று அவனுக்கு வேலை இல்லை.

"வாங்க அத்தை. எங்க தங்கச்சி முட்டி சலூன் சுவத்துல தொங்குச்சு, ஒங்களுக்கு ஒறுத்தலயா?"

"ஒறுத்தித்தான் வந்தேன். அவகிட்டப் பேசணும்."

"எங்கிட்டச் சொல்லுங்க."

"ஒங்கிட்டயும் கேக்கக் கூடாதாம்ப்பா" என்றேன்.

செல்லம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். மடியிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவள் இதைப் பார்த்ததே இல்லை. அண்ணன் சுவரிலிருந்து கிழித்ததை அடுப்பில் போட்டுவிட்டானாம். ஈரக்கையைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"பசு நல்லா விழுந்திருக்கு அத்தே. நீங்கதான் மொறச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

"விக்கலாமா, வேணாமா? நீ சொல்லு."

"விக்க வேணாம்." பிறகு அண்ணனைப் பார்த்து, "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று அட்டையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவன் வாசலை விட்டு விலகி நின்றான்.

மூன்று மணிக்கு இருவரும் பத்து ரோட்டில் இருந்தோம். வேண்டாம் என்று படக்காரர் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினார். செல்லம்மா மசியில் பெருவிரலை அமுக்கி, அவசரமில்லாமல் வைத்தாள். கைநாட்டை நான் இத்தனை நாள் கேவலமாக நினைத்தவள். அந்தத் தாளில் அது என் இரண்டு தெய்வானையைவிடக் கெட்டியாக நின்றது. அவர் படம் பதிந்த மூலக் கண்ணாடியை எடுத்து, இனி அச்சடிக்க முடியாதபடி கத்தியால் சுரண்டினார். பிறகு கடைமுகப்பு அட்டைகளையும் எடுத்துக் கிழித்தார். விற்றுப்போனவை கடல் தாண்டியிருக்கும் என்றார். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஐந்து மணி ரயிலுக்கு ஸ்டேஷனில் நின்றேன். செல்லம்மா வழியனுப்ப வந்தாளா, கூட வருகிறாளா, தெரியாது. டிக்கெட் ஜன்னலில் என் முறை வந்தது.

"எத்தனை?" என்றார் கிராணி.

முன்பென்றால் இரண்டு என்று சொல்லியிருப்பேன்.

"சீக்கிரம் லா பாட்டி, பின்னால ஆளு நிக்குது!" என்று அவசரப்படுத்தினார்.

திரும்பி அவளைப் பார்த்தேன். "எத்தனை வாங்கட்டும்?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "ஒங்களுக்கு நீங்க வாங்குங்க, அத்தே."

எனக்கு ஒன்று வாங்கி நகர்ந்தேன். அவள் ஜன்னலுக்குக் குனிந்து, எனக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கிள்ளான். ஒண்ணு."